காயலான் கடைக்குப் போன கப்பல்



2016-ல் 'பஜாஜ் வி' என்றொரு பைக் வந்ததே, நினைவிருக்கிறதா? ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலின் இரும்பு அதன் பெட்ரோல் டேங்கில் கலந்திருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார்கள். உங்கள் தெருவிலேயே ஒன்றிரண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். காலையில் பிள்ளையை ஸ்கூலில் இறக்கிவிட்டு, வரும் வழியில் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு வரும்.

சிலருக்கு அது பெருமை. வேறு சிலருக்கோ, நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலை உருக்கி வண்டி செய்துவிட்டார்களே என்று ஆத்திரம். இரண்டு கட்சியும் நம் வாசகர்களில் உண்டு. 'ரிட்டயர் ஆனபின் பொழுது எப்படிப் போகிறது?' என்று நாம் கேட்டதற்கு வந்த கடிதங்களில் ஒன்று, ஆறிப்போன அந்த விவகாரத்தை மறுபடி கிளறிவிட்டது.

எழுதியவர் ஒரு கோவை வாசகி. அவருடைய கணவர் பழைய கடற்படை விமானங்களை அச்சு அசலாகச் சின்ன அளவில் செய்கிறாராம். ஸ்கேல் மாடலிங். "டைனிங் டேபிளில் பாதி அவருக்கு. தின்னர் நெடியில் சாம்பார் வாசனை தெரிவதில்லை. என் நெயில் கட்டர், பல் குத்தும் குச்சி, துணி கிளிப் எல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன" என்று அலுத்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு கேள்வி: "கப்பலையே உடைத்துப் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து பறந்த விமானத்துக்குச் சரியான சாம்பல் நிறம் கிடைக்கவில்லை என்று இவர் ஏன் ராத்திரி தூங்காமல் புரளுகிறார்?"

பதில் சொல்ல வேண்டுமென்றால் கப்பலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் கட்டத் தொடங்கிய கப்பல் அது. 1945-ல் தண்ணீரில் இறக்கினார்கள். போர்தான் முடிந்துவிட்டதே, வேலையை அரைகுறையாக நிறுத்திவிட்டார்கள். 1957-ல் நாம் அதை விலைக்கு வாங்கி, பெல்ஃபாஸ்டில் மீதி வேலையை முடிக்கச் செய்தோம். 1961 மார்ச் 4 அன்று விஜயலட்சுமி பண்டிட் அதைக் கடற்படையில் சேர்த்துவைக்க, விக்ராந்த் ஆனது. அந்த ஆண்டு மே 18-ல் அதன் மேல்தளத்தில் முதல் ஜெட் விமானத்தை இறக்கியவர் ஆர்.எச். தஹிலியானி. அன்றைக்கு அவர் லெப்டினன்ட். பிற்பாடு கடற்படைத் தளபதி.

அவர் இறக்கிய விமானம் 'சீ ஹாக்'. கோவை வாசகி வீட்டு டைனிங் டேபிளில் இருப்பதும் அதுதான். அவர்கள் ஊருக்கும் கடற்படையின் விமானப் பிரிவுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. ஐ.என்.எஸ். ஹன்சா என்ற கடற்படை விமானத் தளம் இன்று கோவாவில் இருக்கிறது. ஆனால் 1961-ல் அதைத் தொடங்கியது கோவைக்குப் பக்கத்தில் உள்ள சூலூரில்! 1964-ல்தான் கோவாவுக்கு மாற்றினார்கள். கடல் கண்ணுக்கே எட்டாத ஊரில் கடற்படை விமானங்கள். அந்தக் காலத்தில் சூலூர்ப் பக்கம் பிள்ளைகளாக இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

விக்ராந்தின் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது 1971 பாகிஸ்தான் போரில். அப்போது கப்பலுக்கு உடம்பு சரியில்லை என்பது பலருக்குத் தெரியாது. நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் போக முடியாது. அந்த நிலையிலேயே ஜூலைக் கடைசியில் கொச்சியிலிருந்து சென்னையை நோக்கிக் கிளம்பியது. பிறகு அந்தமான் பக்கம் கொண்டுபோய் மறைத்து வைத்தார்கள். அதைத் தேடித்தான் பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி வங்கக் கடலுக்கு வந்தது. விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் நிற்பதுபோலப் பொய்த் தகவல்களைப் பரவவிட்டு அதை ஏமாற்றியவர், கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவராக இருந்த வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். காஸி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கியது. டிசம்பர் 4 அன்று விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக்குகள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

இப்படிப்பட்ட கப்பலை எப்படி உடைக்க மனசு வந்தது?

1997 ஜனவரி 31-ல் ஓய்வு கொடுத்தார்கள். மும்பையில் சில காலம் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். 2012-ல், உள்ளே ஆட்களை விடுவது ஆபத்து என்று மூடினார்கள். உடைக்கக் கூடாது என்று சிலர் நீதிமன்றம் வரை போனார்கள், பலிக்கவில்லை. 2014-ல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய், அந்த நவம்பரில் மும்பை தாருகானாவில் உடைக்கத் தொடங்கினார்கள்.

அடுத்து வந்த விராட்டுக்கும் அதே கதிதான். 1982 ஃபாக்லாந்து போரில் 'ஹெர்மிஸ்' என்ற பெயரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமைக் கப்பலாக இருந்தது. 1987-ல் நம்மிடம் வந்து முப்பது வருஷம் உழைத்தது. 2020 செப்டம்பரில் குஜராத்தின் அலங் கடற்கரையில் கரையேற்றி உடைத்தார்கள். போன விலை 38.54 கோடி.

கோபப்படுவது சுலபம். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும், இல்லையா? விராட்டை அருங்காட்சியகமாக்க 2018-ல் மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டத்தின் மதிப்பு 852 கோடி ரூபாய். அது முதல் செலவுதான். அதற்குப் பிறகு? கடல் தண்ணீரில் நிற்கும் இரும்பு சும்மா இருக்காது, துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை டாக்கில் ஏற்றி அடிப்பாகத்தைச் செதுக்கிப் பெயின்ட் அடிக்க வேண்டும். போதாக்குறைக்கு அந்தக் காலக் கப்பல்களில் சூடு தாங்குவதற்காக வைத்த ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் வேறு.

பூர்வீக வீட்டை விற்கக் கூடாது என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆளுக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்டால், போனை எடுக்க மாட்டார்கள். கப்பல் விஷயத்தில் நாம் செய்ததும் அதேதான்.

பணக்கார நாடுகள் மட்டும் என்ன செய்துவிட்டன? அமெரிக்கா 'ஃபாரஸ்டல்' என்ற பிரம்மாண்டமான கப்பலை 2013-ல் ஒரே ஒரு சென்ட்டுக்கு உடைக்கக் கொடுத்தது. நம் காசில் ஒரு ரூபாய்கூட இல்லை! 'ஒரிஸ்கனி'யை 2006-ல் ஃப்ளோரிடா கடலில் மூழ்கடித்து மீன்களுக்கு வீடாக்கியது. பிரேசிலின் 'சாவ் பாவ்லோ' இன்னும் பாவம். ஆஸ்பெஸ்டாஸ் பயத்தில் எந்தத் துறைமுகமும் சேர்த்துக்கொள்ளாமல் கடலில் அலைந்து, 2023-ல் அட்லான்டிக்கில் மூழ்கடிக்கப்பட்டது. சான் டியாகோவில் 'மிட்வே' அருங்காட்சியகமாக நன்றாக நடக்கிறது, உண்மைதான். டிக்கெட் வாங்கித் தினமும் கூட்டம் வருகிற ஊரில்தான் அது முடியும்.

ஆகவே என் கட்சி இதுதான்: கப்பல் போகட்டும். என்னைத் திட்டிக் கடிதம் வரும் என்று தெரியும், வரட்டும். கப்பலோடு சேர்த்து அதைப் பற்றிய தகவலும் போய்விடுகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோவைக்காரர் தூக்கம் கெட்டதும் அதனால்தான்.

அவர் செய்வது பொம்மை இல்லை. 72-ல் ஒரு பங்கு அளவு என்றால் எல்லாமே 72-ல் ஒரு பங்குதான். 12 மீட்டர் சீ ஹாக் 17 சென்டிமீட்டர் ஆகும். விக்ராந்தை அதே அளவில் செய்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர்; நம் ஹாலில் சோபாவைத் தூக்கி வெளியே போட வேண்டும். அதனால் கப்பலை 700-ல் ஒரு பங்காகச் செய்வார்கள். 30 சென்டிமீட்டரில் ஷோகேஸுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதன் மேல்தளத்தில் நிற்கும் சீ ஹாக்கின் நீளம் 1.7 சென்டிமீட்டர். வீடு பெருக்கும்போது ஒன்று தவறி விழுந்தால் முறத்தோடு போய்விடும்.

பிளாஸ்டிக் கிட் கடையில் கிடைக்கும். வெளிநாட்டுச் சரக்கு, விலை ஆயிரங்களில். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறைத் தேய்த்து, ஒட்டி, இடுக்கில் புட்டி வைத்து, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்துப் பெயின்ட் அடிப்பார்கள். சின்னங்களும் எண்களும் டெக்கால் தாளில் வரும். தண்ணீரில் நனைத்து மெல்ல நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டு ஒன்று வைக்காவிட்டால் விமானம் வாலைத் தரையில் ஊன்றிப் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும்!

இதெல்லாம் கைப்பழக்கம். சிக்கல் வேறு இடத்தில். சீ ஹாக்கில் ஜெட் புகை பின்னால் வால் வழியாக வராது. இரண்டாகப் பிரிந்து, இரண்டு இறக்கைகளும் உடம்போடு சேரும் இடத்தில் வெளியே வரும். அந்த இடத்தைச் சுற்றி என்ன நிறம், எவ்வளவு கருப்பு? நாம் வாங்கியவற்றில் சில, ஜெர்மன் கடற்படை ஓட்டியவை. ஜெர்மனிக்காகச் செய்தவற்றின் வால் கொஞ்சம் உயரம். நீங்கள் செய்ய நினைக்கும் எண்ணுள்ள விமானத்துக்கு எந்த வால்? மேலே அடர்ந்த கடல் சாம்பல் நிறம், அடியில் பச்சை கலந்த வெளிர் நிறம் என்று புத்தகம் சொல்லும். கோவா வெயிலிலும் உப்புக் காற்றிலும் சில வருஷம் நின்ற விமானம் அதே நிறத்தில் இருக்குமா?

கோவாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சீ ஹாக்கும், நீர்மூழ்கிகளைத் தேடிய 'அலிஸே'யும் இருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அருங்காட்சியகத்தில் காட்சிக்காகப் பெயின்ட் அடித்து நிறுத்துவார்கள். 1971-ல் அந்த விமானம் எப்படி இருந்தது என்பதை, அன்று எடுத்த போட்டோதான் சொல்லும்.

அந்தப் போட்டோ எங்கே? பெரும்பாலும் வீடுகளில்தான். ஆம், நம் வீடுகளில்.

விமானத்தைப் பறக்கவிட்டவர் ஒருவர் என்றால், அதற்கு எரிபொருள் நிரப்பியவர், இன்ஜினைக் கழற்றி மாட்டியவர், மேல்தளத்தில் கொடி காட்டியவர், அத்தனை பேருக்கும் சமைத்தவர் என்று எத்தனை பேர்! சூலூரில் வேலை பார்த்தவர்கள், கொச்சியிலும் கோவாவிலும் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தியவர்கள் உங்களில் இல்லையா? அரக்கோணம் ராஜாளி தளத்தில் 'டி.யு. 142' விமானங்களுக்கு 2017-ல்தான் ஓய்வு கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று இன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சிக்கு நிற்கிறது. அதன் நிழலில் நின்று படம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் நிச்சயம் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்.

அந்த ஆல்பங்களுக்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். அப்பா போனபின் பீரோவை ஒழிக்கிறோம். கல்யாணப் படங்களை எடுத்து வைத்துக்கொள்கிறோம். பெயர் தெரியாத நாலு பேர் ஒரு விமானத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்கும் படம் பழைய பேப்பரோடு சேர்ந்து எடைக்குப் போகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாதே!

போர் விமானத்தைப் போய் என்ன கொண்டாட்டம் என்று கேட்பவர்களும் உண்டு. கொண்டாட வேண்டாம். அந்த நாலு பேரும் யார், என்ன வேலை செய்தார்கள் என்று தெரிந்துகொள்வதற்கு அது தடையில்லையே?

அப்பாவோ தாத்தாவோ பக்கத்தில் இருக்கும்போதே ஆல்பத்தை எடுத்து வையுங்கள். படத்தில் இருப்பது யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த வருஷம் என்று கேளுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் லேசாக எழுதுங்கள். பால் பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். நிறத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் இல்லாத நிறம் அவர் நினைவில் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்தே செல்போனில் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் போட்டால் பளபளப்பில் விமானத்தின் எண் மறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

எங்களுக்கும் ஒரு பிரதி வரட்டும். அசல் உங்களிடமே இருக்கட்டும். நல்ல படங்களை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். சீ ஹாக்கின் வால் தெளிவாகத் தெரியும் படம் ஏதாவது வந்தால், அதை முதலில் கோவைக்கு அனுப்பிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்