வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர்... அதுக்கும் பர்மிஷன் வேணுமா? நீலகிரி நிலவரம் என்ன?

2024 பிப்ரவரி 7. ஊட்டி அருகே லவ்டேல் காந்தி நகர். வீட்டுக்கான தடுப்புச் சுவர் கட்ட மண் தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அருகில் மேட்டில் இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து விழுந்ததில் 6 பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பாதுகாப்புக்காகக் கட்டும் சுவர் எப்படி உயிரை வாங்கியது?

சுவர்தானே, எதுக்கு பர்மிஷன்?

காம்பவுண்ட் சுவர் எல்லையைக் காட்டும், அவ்வளவுதான். தடுப்புச் சுவர் முதுகில் மண்ணைச் சுமந்து நிற்கிறது. சரிவை வெட்டாமல் அதற்கு அஸ்திவாரம் போட முடியாது. அதனால் மலையில் முதல் கேள்வியே மண்ணை வெட்டலாமா என்பதுதான்.

யாரிடம் கேட்கணும்?

வீட்டு வரைபடத்துக்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். தடுப்புச் சுவரையும் அந்த வரைபடத்திலேயே காட்டிவிடுவது நல்லது. மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும். பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தனி.

பர்மிஷன் வாங்கிட்டா போதுமா?

போதாது. அதிகாரிகள் பார்ப்பது கட்டி முடித்த சுவரின் வரைபடத்தை. ஆபத்து இருப்பதோ, மண்ணை வெட்டிய நாளுக்கும் சுவர் எழும் நாளுக்கும் இடையில். அப்போது சரிவைத் தாங்க எதுவுமே இல்லை. அதற்குக் கீழேதான் கூலியாட்கள் நிற்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை:

▪ மேட்டில் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, சாலை இருக்கிறதா? இருந்தால் பொறியாளர் பார்க்காமல் மண்வெட்டியே போடக் கூடாது.

▪ முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டக் கூடாது. கொஞ்சம் வெட்டி, அங்கே சுவரை எழுப்பிய பிறகே அடுத்த பகுதி.

▪ தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் குவிக்கக் கூடாது.

▪ மழை நாளில் வேலையே வேண்டாம்.

கட்டின பிறகு?

தண்ணீர்தான் எதிரி. ஊறிய மண் கனக்கும். தேங்கிய நீர் சுவரைத் தள்ளும். நீர் வடியும் துளைகள் இல்லாத சுவர் அணை மாதிரி ஆகிவிடும். மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. உங்கள் பொறியாளரிடம் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மலையடிவாரத்திலும் அலட்சியம் கூடாது. 2019 டிசம்பர் 2-ம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் சுமார் 20 அடி உயரச் சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்ததில் 17 பேர் இறந்தார்கள்.

உங்கள் வீட்டுக்கு மேலேயோ கீழேயோ யாராவது சரிவை வெட்டினால், சுவர் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெட்டும்போதே உள்ளாட்சி அலுவலகத்திலோ கோட்டாட்சியரிடமோ புகார் கொடுங்கள். மேலே இருக்கும் வீட்டுக்கும் கீழே நிற்கும் தொழிலாளிக்கும் ஆபத்து அதிகம் உள்ள நாட்கள் அவைதான்.