எத்தனை லீற்றர் என்று கேட்கும் முன்

மண்சரிவில் வீட்டையும் மாட்டுக்கொட்டிலையும் இழந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து, "ஒரு கறவைப் பசு கிடைத்தால் பிழைத்துக்கொள்வார்கள்" என்று சொல்வது எளிது. 2014இல் மீரியபெத்த, 2025 நவம்பரில் டித்வா சூறாவளி என்று எமது மலையகம் இடம்பெயர்வைப் பலமுறை கண்டுவிட்டது. பசு நல்ல உதவிதான். ஆனால் கொடுப்பவரும் பெறுபவரும் முதலில் கேட்பது, "நாளைக்கு எத்தனை லீற்றர்?" என்பதையே. அடுத்த கன்று எப்போது என்று கேட்பவர் மிகக் குறைவு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பசு சராசரியாக நாளுக்கு 10 லீற்றர் வீதம் 300 நாட்கள் கறக்கின்றது. ஆனால் 20 மாதத்துக்கு ஒருமுறைதான் கன்று போடுகின்றது. இன்னொன்று 7 லீற்றர்தான். ஆனால் 13 மாதத்துக்கு ஒரு கன்று. முதலாவது மாதத்துக்கு 150 லீற்றர். இரண்டாவது சுமார் 161 லீற்றர். தீனிச் செலவு குறைவு, கன்றுகளும் அதிகம். ஊரார் புகழ்வது முதலாவதைத்தான்!

ஐரோப்பிய இரத்தம் கூடக்கூடப் பால் கூடிக்கொண்டே போகும் என்பது பரவலான நம்பிக்கை. வெப்ப நாடுகளில் நடந்த கலப்பினச் சோதனைகளைக் கனிங்ஹாம், சிர்ஸ்டாட் ஆகிய இருவரும் தொகுத்து ஆராய்ந்தனர். ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் அதனை 1987இல் வெளியிட்டது. பாதி இரத்தம் வரை பால் நன்றாகக் கூடுகின்றது. அதற்கு மேல் சொல்லத்தக்க பயன் இல்லை. கன்று ஈனும் இடைவெளியோ நீளத் தொடங்குகின்றது என்பதே அவர்கள் கண்டது. பாதிக் கலப்புப் பசுவைப் பாதிக் கலப்புக் காளையோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையில் பால் குறைவதும் தெரிந்தது.

"நுவரெலியா குளிர் நாடாயிற்றே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. 1800 மீற்றருக்கு மேலுள்ள அம்பேவெலவில் ஐரோப்பிய இனங்கள் நன்றாகக் கறக்கின்றன. ஆனால் அங்கே பரந்த புல்வெளி உண்டு, வைத்தியர் உண்டு. லயத்துக் கொட்டிலில் இருப்பது பாதையோரப் புல் மட்டுமே. கன்று போட்டபின் வயிறு நிறையாத பசு, தன் உடம்பைக் கரைத்துப் பால் தரும்; மெலியும்; வேட்கைக்கு வராது. 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 பசுக்கள் இந்நாட்டுக்கு வந்தன. 20,000 கொண்டுவருவதே திட்டமாக இருந்தது. பல இறந்தன, பல சினைப்படவில்லை. கடன்பட்டு வாங்கியவர்கள் கடனோடு நின்றார்கள். கணக்காய்வாளர் நாயகம் விசாரிக்கும் அளவுக்கு விடயம் போனது.

இன்னொரு சங்கடம் எமது வேலை நேரம். பசுவுக்கு வேட்கை சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஒரு நாள்கூட நீடிக்காது. பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் வெளிப்படும். பல பசுக்கள் உள்ள இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைக் கண்டு அறியலாம். தனியே கட்டிக்கிடக்கும் ஒற்றைப் பசு யாருக்குக் காட்டும்? காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய், மாலையில் களைத்துத் திரும்பும்போது அது அடங்கிவிடும். கத்துதல், தீனி குறைதல், கண்ணாடி போன்ற கோழை வடிதல் ஆகியவற்றை இருட்டோடு எழுந்து ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை பார்க்கவேண்டும். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாட்காலை சினைப்படுத்தவேண்டும். தவறினால் 21 நாள் தீனி வீண். (மாட்டுக்கு ஞாயிறு, போயா தெரியாது, உத்தியோகத்தருக்குத் தெரியும்.)

இவை எல்லாவற்றுக்கும் முன் புல். 2015க்குப் பின் தோட்டங்களில் கட்டப்பட்ட தனிவீடுகளுக்கு 7 பேர்ச்சஸ் காணி கிடைத்தது. 400 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளுக்குச் சுமார் 40 கிலோ பச்சைப் புல் வேண்டும். வீடு போக மிஞ்சும் நிலத்தில் அது முளைக்காது. ஆகவே பசு தருகின்ற நிறுவனங்களிடம் நான் கேட்பது இதுதான்: தோட்ட நிர்வாகத்தோடு பேசி, தேயிலை இல்லாத தரிசுத் துண்டொன்றை முதலில் பெற்றுக்கொடுங்கள். சீஓ-3 புல் கட்டை நட்டு, ஒரு வெட்டு வெட்டிய பின் பசு வரட்டும்.

பெறுகின்ற நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள்: இதன் தாய் என்ன இனம், எத்தனையாவது கன்று, கடைசி இரு கன்றுகளுக்கும் இடையே எத்தனை மாதம், சினை என்றால் யார் பரிசோதித்தார், எந்தத் திகதியில்? பதிலை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை சினைப்படுத்த வரும் உத்தியோகத்தரிடம், எந்தக் காளையின் விந்து என்று தீர்மானிக்குமுன், அந்தக் கொப்பியைக் காட்டுங்கள்.