ஏறாத மலையை எழுதுவதா?

மலேசியத் தமிழ் எழுத்தில் மலைக்குப் பஞ்சமில்லை. முகில் தவழும், அருவி பாயும், தென்றல் தாலாட்டும். ஆனால் அது எந்த மலை? பெயர் கேட்டால் விடை வராது. பெரும்பாலும் அது ஏட்டில் கண்ட மலை. பொதிகையின் நிழல், குற்றாலத்தின் எதிரொலி. ஜொகூரின் வடமேற்கே, தங்காக் வட்டாரத்தில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையோ நம் எழுத்தில் தொலைவில் தெரியும் நீலக் கோடாகவே நின்றுவிட்டது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். நாமோ அவருடைய காந்தளையும் வேங்கையையும் இரவல் வாங்கிச் சூடிக்கொள்கிறோம். 1854இல் மலாக்காவிலிருந்து லேடாங்குக்கு வந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கில அறிஞர், எதிர்பார்த்த இடத்தில் நீரின்றித் தவித்து, குடுவைச் செடிகளில் தேங்கிய நீரைப் பருகினார். பூச்சிகள் மிதந்த அந்நீரின் சுவையையும், உச்சியருகே கண்ட பெரணிகளையும் நூலில் எழுதிவைத்தார். அச்செடியை மலாய் மக்கள் 'பெரியோக் கெரா', அதாவது குரங்குப் பானை, என்பர். வழிப்போக்கர் ஒருவர் அறிந்ததை, அடிவாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த இனம் தன் இலக்கியத்தில் ஏன் எழுதவில்லை?

"பால்மரம் வெட்டிக் களைத்த கால்களுக்கு மலையேற்றம் ஒரு கேடா?" என்று சிலர் சினப்பர். நடை நமக்குப் புதிதன்று. அம்மலையின் மலாக்காப் பக்கத்தில் உள்ள புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள், 1967இல் நீதி கேட்டுக் கோலாலம்பூர் நோக்கி நெடும்பயணமாக நடந்தார்கள். அந்தக் கால்களின் வழிவந்தோர் களைப்பைக் காரணம் காட்டுவது பொருந்துமா?

"பத்துமலை ஏறுகிறோமே!" என்பர் வேறு சிலர். ஏறுவோம்; வணங்குவோம். ஆனால் அங்கே 272 படிகள் நமக்காகக் கட்டப்பட்டுள்ளன. லேடாங்கில் வேரே படி. கயிறும் ஏணியும் துணை. அசகானில் தொடங்கி, உச்சி கடந்து, ஜொகூரின் சாகிலில் இறங்குவதென்றால் ஒரு முழு நாளும் அதற்கே. போன வழியே திரும்புகிறவன் மலையின் ஒரு முகத்தைத்தான் காண்கிறான். கடந்து செல்கிறவனோ, உச்சியில் தளர்ந்தாலும், மறுபுறம் இறங்கியாக வேண்டும். ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கும். இறக்கத்தில் முழங்கால் நடுங்கும். மழை பிடித்தால் பாறை வழுக்கும். அதற்குப் பின் எழுதும் 'மலை' என்ற சொல்லுக்கு எடை இருக்கும்.

இது அசட்டுத் துணிச்சலுக்கு அழைப்பன்று. வழி திறந்திருக்கும் நாளறிந்து, ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வழிகாட்டியும் பெற்று, விடியலிலேயே புறப்பட வேண்டும். மகனை மட்டுமன்று, மகளையும் அழைத்துச் செல்ல வேண்டும். இந்த மண் எங்களுடையது என்று மேடையில் முழங்கும் நாம், அதன் செடிக்கும் கொடிக்கும் தமிழில் பெயர் சொல்லத் தெரியாமல் நிற்பது தகுமா?

லேடாங் இளவரசி, தன்னை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தானிடம் பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள் கேட்டாளென்று மலாய்க் கதை கூறும். அந்தப் பாலங்கள் எழவேயில்லை. எழுத்தாள நண்பர்களே, இனியும் பாலத்துக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்குவோம்.