உச்சரிப்பைத் துடைப்பது பயிற்சி ஆகாது

கல்யாணிலிருந்து நடிப்புத் துறையின் நேர்முகத் தேர்வுக்கு ஆயத்தமாகும் தமிழ் மாணவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, 'இந்தியில் தமிழ் வாடை அடிக்கக் கூடாது' என்பதே. இதை மறுக்கிறேன்.

தேசிய நாடகப் பள்ளி பட்டப்படிப்பையும், குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்ற அனுபவத்தையும், இந்தி, ஆங்கிலப் பழக்கத்தையும் கேட்கிறது. மொழிப் பழக்கம் வேறு. பிறந்த மண்ணின் ஒலியைத் துடைத்தெறிவது வேறு. அப்பள்ளியில் பயின்ற பேராசிரியர் சே. இராமானுஜம், கிரேக்க நாடகமான 'ட்ரோஜன் பெண்க'ளைத் தமிழ் ஒப்பாரி மரபில் ஊன்றி 'வெறியாட்டம்' ஆக்கினார். தில்லிப் பயிற்சி அவருடைய தமிழ்க் குரலை அழித்துவிடவில்லை.

தெளிவு வேண்டாம் என்று எவரும் வாதிடவில்லை. சொல் கடைசி வரிசை வரை கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது எந்த ஊரிலிருந்து வருகிறது என்பது குறையாகாது. ஒரே வார்ப்பில் குரல் தேடும் தேர்வாளருக்கு வேண்டியவர் செய்தி வாசிப்பாளர், நடிகர் அல்லர்.

மாணவர்களே, வசனத்தைப் பொருளறிந்து மனனம் செய்யுங்கள், மூச்சைப் பழக்குங்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் கேட்டு வளர்ந்த குரலை வாசலில் கழற்றி வைக்காதீர்கள்.

பேராசிரியர்களே, மதிப்பீட்டு அளவுகோல்களைத் தேர்வுக்கு முன்பே வெளியிடுங்கள். 'உச்சரிப்பு' என்னும் ஒற்றைச் சொல்லின் பின்னால் வர்க்கமும் சாதியும் ஒளிந்துகொள்ள இடந்தராதீர்கள்.