ஊர்ப் பெயரே சாட்சி

கீழ்வெண்மணி என்றால் போதும். 1968 டிசம்பர் 25 இரவும், கூலி உயர்வு கேட்டதற்காக ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்ட 44 உயிர்களும் நம் கண்முன் வந்துவிடும். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு: அலபாமா. அந்தப் பெயரில், ஒரு சொல்கூட இல்லாமல், வெறும் கருவிகளால் ஓர் இசையை அமைத்தார் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெள்ளை நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் என்ற 14 வயதுச் சிறுமிகள் மூவரும், 11 வயது டெனிஸ் மெக்நேரும் கொல்லப்பட்டனர். குற்றவாளிகளில் ஒருவனுக்குத் தண்டனை கிடைக்கவே 1977 ஆயிற்று. மற்ற இருவருக்கு 2001, 2002.

நீதிமன்றம் 14 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. கோல்ட்ரேன் இரண்டே மாதத்தில், நவம்பர் 18 அன்று, "அலபாமா"வைப் பதிவு செய்துவிட்டார்.

அவர் பிறந்ததும் நிறவெறி கோலோச்சிய தென்பகுதியில்தான். தாத்தாக்கள் இருவரும் போதகர்கள். பிரசங்கத்தின் ஏற்ற இறக்கம் அவர் காதில் ஊறியது. அச்சிறுமிகளின் இறுதிச்சடங்கில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையின் நடையையே சாக்ஸபோன் பின்பற்றுகிறது என்று சொல்வோர் உண்டு. கேட்டால் பேச்சு போலத்தான் இருக்கிறது. பியானோவின் அடிக்குரல் சுருதியாக நிற்க, தாளக்கட்டு இல்லாமல் சாக்ஸபோன் புலம்புகிறது. நடுவில் தாளம் பிடித்து நடக்கிறது. சட்டென்று நின்றுவிடுகிறது. மீண்டும் அதே ஒப்பாரி. முடிவில் டிரம்ஸ் குமுறுகிறது.

சொல் இல்லாத இசையில் அரசியல் எங்கே என்று கேட்கிறார்கள். தலைப்பில் இருக்கிறது. யாருக்காக வாசிக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

1946இலேயே கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர் அண்ணல் அம்பேத்கர். அந்த மக்களின் போராட்டத்திலிருந்து நாம் கற்றது நிறைய. இதையும் கற்கலாம்.

ஊரார் வீட்டுச் சாவுக்கு அடிக்கும்படி பறை நம் கையில் திணிக்கப்பட்டது. அந்த இழிவு வேண்டாமென்று அதைக் கீழே வைத்தவர்களையும், விடுதலைக் கருவியாகக் கையிலெடுத்தவர்களையும் நாம் மதிக்கிறோம். ஆனால், படுகொலையான நம் சொந்தங்களுக்காக என்று நாமே அமைத்த இசை எத்தனை? நினைவு நாள் வந்தால் பேனர் கட்டுகிறோம், ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு போடுகிறோம், கலைந்துவிடுகிறோம்.

பறை பழகும் தம்பி, தங்கைகளே, "அலபாமா" ஐந்து நிமிடம்தான், செல்போனிலேயே கேட்கலாம். கேட்டுவிட்டு, கீழ்வெண்மணிக்கு ஒன்று, மேலவளவுக்கு ஒன்று என்று நீங்களே அமையுங்கள். பாட்டு எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்குங்கள்.