முதுசமா, சீதனமா?

யாழ்ப்பாணத்தாரின் தேசவழமை பொருளை மூவகையாகப் பகுத்தது. முன்னோரிடமிருந்து இறங்கி வருவது முதுசம். திருமணத்தின்போது பெற்றோர் மகளுக்குக் கையளிப்பது சீதனம். இல்லறத்தில் இருவரும் உழைத்து ஈட்டுவது தேடியதேட்டம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை இவ்வழமைகளைத் தொகுத்து எழுதினார். தமிழ் முதலியார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்பினர். 1806 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். காணிக்கும் வளவுக்கும் நகைக்கும் அதில் விதி உண்டு. மொழிக்கு விதி இல்லை. விதி எழுதவேண்டிய தேவை வருமென்று அந்தப் பன்னிருவரில் எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை.

இன்று அத்தேவை வந்துவிட்டது. கடல் கடந்து வாழும் நம்மவரின் மூன்றாந் தலைமுறை தமிழை எந்த உரிமையாற் பெறும் என்பதே நாம் எழுப்பும் வினா.

பண்டத்தரிப்பிலிருந்து இதனை எழுதுகின்றோம். 1820 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் இவ்வூருக்கு வந்து மருத்துவப் பணி தொடங்கினார். வந்தவர் தமிழ் கற்றார். தமிழிலே மக்களோடு பேசினார். பின்னர் மானிப்பாயில் பணிபுரிந்த வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவ நூல்களையே தமிழிற் பெயர்த்தளித்தார். அன்று அந்நியர் வந்து தமிழ் கற்றனர். பின்னர் நம்மவர் வெளியே செல்லத் தொடங்கினர். மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் உத்தியோகம் நாடிச் சென்றோர் முதல் அலையினர். 1983 ஆம் ஆண்டின் இனக்கொடுமைக்குப் பின்னர் உயிர் காக்க ஓடியோர் அடுத்த அலையினர். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமமே ஒருங்கே பெயர்ந்தது; திரும்பி வந்தோரும் உளர், வராதோரும் உளர். இன்று நமது ஒழுங்கைகளிற் பூட்டிய படலைகள் பல. அவை திருவிழாக் காலத்திலே திறக்கின்றன. கொடி இறங்கியதும் மூடிக்கொள்கின்றன.

சட்டத் தொழிலில் இருப்போர் காணும் காட்சி ஒன்றுண்டு. பாட்டனார் மறைந்தபின் பேரப்பிள்ளைகள் அற்றோணித் தத்துவத்திற் கையொப்பமிட்டு அனுப்புகின்றனர். உறுதி, வரைபடம், எல்லை யாவும் சரி பார்க்கப்படுகின்றன. பரப்பு என்ன விலை என்று வினவுகின்றனர். அவ்வீட்டு அறையில் ஒரு தகரப் பெட்டி கிடக்கும். அதனுள் பழைய கடிதங்களும் சாதகக் கட்டும் கணக்குப் புத்தகமும் பாட்டனார் கைப்பட எழுதிய குறிப்புகளும் இருக்கும். அதனை என்ன செய்வது என்று கேட்பார் இல்லை. கேட்கவேண்டிய பிள்ளைக்கு அதனை வாசிக்கத் தெரியாது. பிள்ளையை நாம் குறை கூறவில்லை. வாசிக்கக் கற்பியாதவர் யார் என்றே கேட்கின்றோம்.

இவ்விடத்தில் அயர்லாந்து தேசத்தின் வரலாறு நமக்குப் பெரும் பாடமாகும். அந்நாட்டுக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856 ஆம் ஆண்டில் வெளியிட்ட கால்டுவெல் அயர்லாந்தின் அன்றிம் பகுதியிற் பிறந்தவர். யாழ்ப்பாண நகரில் அந்நாட்டுக் காவற் புனிதரின் பெயர் தாங்கி நிற்பது புனித பத்திரிசியார் கல்லூரி. ஐரிஷ் துறவிகள் தலைமை தாங்கி வளர்த்த அக்கல்லூரியிற் பயின்றவர்களுள் ஒருவரே, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் காணவும் 1966 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூட்டவும் முன்னின்ற தனிநாயகம் அடிகளார்.

அயர்லாந்தின் மக்கள் தொகை 1841 ஆம் ஆண்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. 1845 ஆம் ஆண்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தின்றது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர்; அவ்வளவு தொகையினர் கப்பலேறினர். பஞ்சத்தால் மிக நொந்தவர் ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் புறத்து ஏழைகளே. எஞ்சியோர், பிள்ளை அமெரிக்கா சென்று பிழைக்க ஆங்கிலமே துணை என்று கருதினர். வீட்டில் தாய்மொழி பேசிய பிள்ளையைப் பள்ளி ஆசிரியர் தண்டிக்கப் பெற்றோரும் உடன்பட்டனர். அந்நிய ஆட்சி வெட்டிய மரத்தின் வேரை அன்புள்ள பெற்றோரே கல்லினர் என்பது அவ்வரலாற்றின் மிகத் துயரமான பக்கமாகும். இன்று மூன்று கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர் தம்மை ஐரிஷ் வழியினர் என்கின்றனர். நியூயோர்க் நகரில் பத்திரிசியார் திருநாள் ஊர்வலம் 1762 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. பச்சை உடையும் கொட்டுமுழக்கும் குறைவின்றி உள்ளன. பாட்டியின் மொழியிற் பேசத் தெரிந்தவர் எத்தனை பேர்? மிகச் சிலரே.

இழப்பை உணர்ந்தோர் வாளாவிருக்கவில்லை. 1893 ஆம் ஆண்டில் டக்ளஸ் ஹைட் முதலானோர் கேலிக் சங்கம் நிறுவினர். 1905 ஆம் ஆண்டில் ஹைட் அமெரிக்கா சென்று, அங்கு வாழ்ந்த தம்மவரிடம் மொழிப் பணிக்கென்றே நிதி திரட்டினார். அவரே 1938 ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். 1937 முதல் 1939 வரை அரசாங்கம் செய்த காரியம் இன்னும் போற்றத்தக்கது. ஏறத்தாழ 5,000 பாடசாலைகளின் மேல்வகுப்புச் சிறுவர், தம் பாட்டன் பாட்டியரிடமும் அயலாரிடமும் கேட்ட கதை, மருந்து, இடப்பெயர், தொழில், விளையாட்டு ஆகியவற்றைக் கொப்பிகளில் எழுதினர். பெருஞ் செலவு ஏதுமில்லை. பென்சிலும் கொப்பியும் கேட்கும் செவியுமே வேண்டியிருந்தன. அத்தொகுதி இன்றும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேணப்படுகின்றது. அது கணினி வழி உலகெங்கும் கிடைக்கும் தளத்துக்கு 'தூகஸ்' என்று பெயர். பரம்பரை உரிமை என்பது அச்சொல்லின் பொருள்களுள் ஒன்று. நம் வழக்கிற் சொன்னால், முதுசம்!

ஆயினும் எச்சரிக்கையும் அங்கேயே இருக்கின்றது. ஐரிஷ் மொழி அரசியலமைப்பில் முதன் மொழியாயிற்று, பாடசாலைகளிற் பாடமாயிற்று. 2022 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, 50 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுள், கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே. அரசு கிடைத்தும், சட்டம் இயற்றியும், வீட்டில் அறுந்த இழையை முற்றாக முடிய இயலவில்லை.

இங்கேதான் நாம் தொடங்கிய வினாவுக்கு விடை உள்ளது. முதுசம், உடையவன் இறந்தபின் பிள்ளையைத் தானே சேரும். அவன் வாயே திறவாதிருந்தாலும் சட்டம் அதனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மொழி அவ்வாறு சேராது. அது சீதனத்தைப் போன்றது. கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே, அறிந்து, விரும்பி, கையிற் கொடுத்தல் வேண்டும். கொடாது இறந்தால் வழக்காடிப் பெற நீதிமன்றம் இல்லை. "எங்கள் பிள்ளைகளின் இரத்தத்தில் தமிழ் ஓடுகின்றது" என்று மேடையில் முழங்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். இரத்தத்தில் மொழி ஓடுவதில்லை. தாயின் வாயிலிருந்து பிள்ளையின் செவிக்கே ஓடுகின்றது.

கடல் கடந்தோர் எதுவும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. கனடாவின் பாராளுமன்றம் 2016 ஆம் ஆண்டில் தைத் திங்களோடு இயையும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றதும், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு நிதி நிறைவுற்றதும், வாரவிறுதிப் பள்ளிகளில் ஊதியம் கருதாது கற்பிப்போரின் உழைப்பும் வணக்கத்துக்குரியன. 2005 ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் பணியும் அத்தகையதே. 1981 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூல்நிலையம் எரியக் கண்ட மக்களுக்கு ஒரு கடதாசியின் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் இருக்கைகளும் திங்களும் வீட்டுக்கு ஈடாகா. ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கின்றோம். முதலாவது, நமது பாடசாலைகள் அயர்லாந்துச் சிறுவர் செய்ததனைச் செய்தல் வேண்டும். துலா மிதித்து இறைத்தவர், புகையிலை உணர்த்தியவர், பனையேறியவர், மலாயாவிலிருந்து கடிதம் பெற்றவர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். பத்தாண்டு கழிந்தால் இரார். இரண்டாவது, வெளிநாட்டுப் பேரப்பிள்ளை கிழமைக்கு ஒரு முறை ஊரிலுள்ள பாட்டியோடு தொலைபேசியில் தமிழிற் பேசி, கேட்டதை எழுதிவைத்தல் வேண்டும். எழுத்துப் பிழை மலிந்தாலும் குற்றமில்லை. மூன்றாவது, கோபுரத்துக்கு வரும் பொருளில் ஒரு சிறு பங்கையேனும் கோயிற் சபைகளும் தேவாலயச் சபைகளும் ஊரின் ஏடுகளையும் கடிதங்களையும் காப்பதற்கு ஒதுக்குதல் வேண்டும். கோபுரம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. திருமுறை ஓத ஆளில்லாத கோபுரம் எவருக்கு என்றே கேட்கின்றோம்.

பிறரைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்ளுதல் முறை. ஊரிலேயே இருந்துகொண்டு, பிள்ளை ஆங்கிலத்தில் நாலு சொல் பேசினாற் பூரிப்பவரும், தமிழிற் பிழைவிட்டாற் சிரித்து விடுபவரும் நம்முள் இல்லையா? பஞ்ச காலத்து ஐரிஷ் பெற்றோரும் பிள்ளையின் நன்மையையே நாடினர். ஆங்கிலம் கற்பது தவறன்று, அது தேடியதேட்டம். தேட்டம் பெருகட்டும். அதன்பொருட்டுச் சீதனத்தைக் கொடாது விடுவது எந்த வழமையிலும் நியாயமாகாது.

தகரப் பெட்டிகள் இன்னும் திறக்கக் கூடியனவாகவே உள்ளன. அவற்றை வாசித்துக் காட்டக்கூடிய முதியோரும் சிலர் உளர். இவ்வாண்டுத் திருவிழாவுக்கு வரும் பிள்ளைகளை அவர்கள் அருகில் ஒரு பொழுதேனும் இருத்துவது பெற்றோரின் கடமையாகும்.