மூச்சு சொல்லும் சேதி

 

நாம் வெளிவிடும் மூச்சை வெறுங்காற்று என்றே எண்ணுகின்றோம். அது அவ்வாறன்று. 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங், மனித மூச்சைப் பகுத்து ஆராய்ந்து, அதில் ஏறத்தாழ 250 வகைப் பொருள்கள் ஆவியாகக் கலந்திருப்பதைக் கண்டார். உடலின் உள்ளே விளைபவற்றுள் சிலவற்றை இரத்தம் நுரையீரலுக்குச் சுமந்து வருகின்றது. நுரையீரல் அவற்றை மூச்சோடு வெளியேற்றுகின்றது. படைத்தவனின் ஏற்பாட்டை என்னென்பது!

புற்றுநோய் கண்ட உயிரணுக்கள் உணவைப் பயன்படுத்தும் முறை மாறிவிடுகின்றது. ஆகவே அவை வெளியிடும் ஆவிப் பொருள்களின் அளவும் மாறுகின்றது. 1989-இல் லண்டன் மருத்துவர் இருவர் ‘லான்செட்’ இதழில் ஒரு செய்தி எழுதினர். ஒரு பெண்மணியின் காலிலிருந்த மச்சத்தை அவருடைய நாய் ஓயாது முகர்ந்து வந்தது. சோதித்தபோது அது தோல் புற்றுநோய் எனத் தெரிந்தது.

நாயின் மூக்கு செய்ததைக் கருவியால் செய்ய இயலுமா? நாசரேத்தில் பிறந்த அரபு விஞ்ஞானி ஹுஸ்ஸாம் ஹாயிக், ஹைஃபா நகரின் டெக்னியான் கழகத்தில் இதற்கென உழைத்தார். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களின் மீது கரிமப் பொருளைப் பூசி உணரிகள் அமைத்தார். மூச்சின் ஆவி பட்டதும் அவற்றின் மின்தடை மாறும். அம்மாற்றங்களைக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். 2017-இல் வெளியான அவரது குழுவின் ஆய்வில் 1404 பேரின் மூச்சு சோதிக்கப்பட்டது. புற்றுநோய்கள் பல உள்ளிட்ட 17 நோய்களை அக்கருவி 86 விழுக்காடு சரியாகப் பிரித்தறிந்தது.

மகிழத்தக்க செய்திதான். ஆயினும் ஒரு கணக்கைப் பாருங்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழுவினர் உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்களுக்காக 335 பேரிடம் மூச்சுச் சோதனை நடத்தி, 2018-இல் முடிவை வெளியிட்டனர். நோயுள்ளோரில் 80 விழுக்காட்டினரையும், அந்நோய் இல்லாதோரில் 81 விழுக்காட்டினரையும் அது சரியாகக் காட்டியது. இதே சோதனையை, 10 பேருக்கு மட்டும் நோயுள்ள 1000 பேரிடம் செய்தால் என்னவாகும்? 8 பேர் அகப்படுவர். 2 பேர் தப்பிவிடுவர். நோயற்ற 188 பேர் வீணே அஞ்சி நடுங்குவர். எனவே இஃது ஒரு சல்லடையே தவிர, தீர்ப்பு அன்று. யாருக்கு உள்நோக்குக் குழாய்ச் சோதனை தேவை என்பதை அது சுட்டலாம், அவ்வளவே.

மூச்சு எல்லா வேளையும் ஒன்றுபோல் இருப்பதுமில்லை. புகைத்தவனின் மூச்சு வேறு. உண்டவனின் மூச்சு வேறு. நோன்பு நோற்கையில் உடல் தன் கொழுப்பை எரிப்பதால், அசிட்டோன் என்னும் பொருள் மூச்சில் மிகுகின்றது. நோன்பாளியின் வாய் வாடையைக் கண்ணியப்படுத்திய மார்க்கம் நம்முடையது; ஆனால் கருவிக்கு அந்த வேறுபாட்டைக் கற்றுக்கொடுத்தாக வேண்டும். இவற்றாலேயே புற்றுநோய்க்கான மூச்சுச் சோதனை இன்னும் ஆய்வு நிலையில் உள்ளது.

இரைப்பைப் புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைக் கண்டறியும் யூரியா மூச்சுச் சோதனையோ நடைமுறைக்கு வந்துவிட்டது. அக்கிருமியை மருந்தால் ஒழிக்கலாம்.

சகோதர சகோதரிகளே! நாளை வரப்போகும் கருவிக்காக இன்றைய அறிகுறியை மறைத்து வைக்காதீர்கள். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், விழுங்குவதில் சிரமம், சளியில் இரத்தம், மார்பில் கட்டி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரை நாடுங்கள். வெட்கத்தால் சொல்லாமல் இருக்கும் தாயிடமும் மனைவியிடமும் நீங்களே கனிவுடன் கேளுங்கள். பீடி, சிகரெட், புகையிலை சேர்த்த வெற்றிலை ஆகியவற்றைக் கைவிடுங்கள். மூச்சு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணுவது நம் கடமை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண உடல்நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.